செரடோனின்: தலைவலியின் வில்லனா, வைத்தியனா?

"மைக்ரேன்" என்றதும் பலர், "தலைவலிதானே... ஒரு மாத்திரையைப் போட்டுட்டுத் தூங்கினா சரியாயிடும்" என்று சொல்லிவிடுவார்கள். வந்தவர்களைக் கேட்டால்தான் தெரியும். பாதி மண்டையில் நாடித்துடிப்போடு சேர்ந்து சம்மட்டி அடி. குமட்டல், வாந்தி. ட்யூப்லைட் வெளிச்சம் கண்ணைக் குத்தும், பக்கத்து வீட்டு மிக்ஸி இடி மாதிரி கேட்கும். மருந்து எதுவும் எடுக்காவிட்டால் 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை இந்த ஆட்டம் நடக்கும். உலகில் 100 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு இந்த ஒற்றைத் தலைவலி இருக்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம்.

இத்தனை பேரைப் படுக்கவைக்கும் இந்த வலிக்குப் பின்னால் செரடோனின் என்ற ரசாயனம் இருக்கிறது என்று விஞ்ஞானிகள் சொல்ல ஆரம்பித்து அறுபது வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், முதலில் அதைக் குற்றவாளி என்றார்கள். பிறகு, இல்லை, அது குறைவதுதான் குற்றம் என்றார்கள். கடைசியில் அதன் போலியைச் செய்து மாத்திரையாக விற்றார்கள். மாத்திரை பிரமாதமாக வேலை செய்தது. ஆனால் எப்படி வேலை செய்கிறது என்று சொன்ன விளக்கத்தில்தான் பெரிய ஓட்டை!

முதலில் செரடோனின் கிடைத்த கதை. அதுவே ஒரு சுவாரசியமான விபத்து.

ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரை சீரம் என்பார்கள். அந்த சீரத்தில் ஏதோ ஒன்று ரத்தக் குழாய்களைச் சுருங்கவைக்கிறது என்பது 19ஆம் நூற்றாண்டிலேயே தெரியும். அது என்ன என்று யாருக்கும் தெரியாது. 1940களில் அமெரிக்காவின் க்ளீவ்லாந்து கிளினிக்கில் எர்வின் பேஜ் என்ற மருத்துவர் உயர் ரத்த அழுத்தத்தின் காரணத்தைத் தேடிக்கொண்டிருந்தார். சீரத்தில் இருந்த இந்த அனாமதேயப் பொருள் அவருடைய சோதனைகளில் எல்லாம் மூக்கை நுழைத்துக் குழப்பிக்கொண்டே இருந்தது. தொல்லையை ஒழிக்க வேண்டும் என்றால் அது யார் என்று தெரிய வேண்டும் அல்லவா? மாரிஸ் ராப்போர்ட் என்ற இளம் வேதியியலாளரை வேலைக்கு வைத்தார். ராப்போர்ட்டும் ஆர்டா கிரீன் என்ற பெண் விஞ்ஞானியும் மாட்டு சீரத்தை லிட்டர் லிட்டராக வடித்து, 1948-ல் அந்தப் பொருளைப் படிகமாகப் பிரித்தெடுத்தார்கள். சீரத்திலிருந்து வந்தது, ரத்தக் குழாயை முறுக்கேற்றுவது (டோனிக்). எனவே பெயர் செரடோனின். அடுத்த வருடமே ராப்போர்ட் அதன் ரசாயன அமைப்பையும் சொல்லிவிட்டார்: 5-ஹைட்ராக்ஸி டிரிப்டமைன்.

இதே காலத்தில் இத்தாலியில் விட்டோரியோ எர்ஸ்பாமர் என்பவர் குடலின் உள்சவ்வுச் செல்களில் ஒரு பொருளைக் கண்டு, 1930களிலேயே அதற்கு 'என்டரமைன்' என்று பேர் வைத்து, ஆக்டோபஸின் உமிழ்நீர்ச் சுரப்பி வரைக்கும் தேடிப் போய்க்கொண்டிருந்தார். 1952-ல் பார்த்தால் அவருடைய என்டரமைனும் க்ளீவ்லாந்து செரடோனினும் ஒன்றேதான்! எர்ஸ்பாமர்தான் முந்தியவர். ஆனாலும் நிலைத்தது அமெரிக்கர்கள் வைத்த பெயர். (பெயர் வைப்பதிலும் மார்க்கெட்டிங் இருக்கிறது போல.)

மூன்றாவது திருப்பம் பெட்டி ட்வாராக். கடல் மட்டியின் தசையை ஆராய்ந்துகொண்டிருந்த இந்த இளம்பெண், மட்டியில் நரம்புச் செய்தியைக் கொண்டுபோகும் பொருள் செரடோனின் என்று கண்டார். அப்படியானால் பாலூட்டிகளின் மூளையிலும் இருக்க வேண்டுமே என்று பேஜின் ஆய்வகத்துக்கு வந்தார். பேஜுக்கு இதில் பெரிய நம்பிக்கை இல்லை. இருந்தும் இடமும் வசதியும் கொடுத்தார். 1953-ல் மூளையில் செரடோனின் இருக்கிறது என்று இருவர் பெயரிலும் கட்டுரை வந்தது. உடம்பில் இருக்கும் செரடோனினில் 90 சதவீதத்துக்கும் மேல் குடலில்தான் இருக்கிறது. மூளையில் இருப்பது கொஞ்சமே. ஆனால் அந்தக் கொஞ்சத்தின் மேல்தான் அப்புறம் உலகமே பைத்தியமானது.

இனி தலைவலிப் பக்கம்.

செரடோனின் என்ற பெயரே பிறப்பதற்கு முன்பே மைக்ரேனுக்கு ஒரு மருந்து இருந்தது. எர்கோட்டமைன். ரை என்ற தானியக் கதிரில் வளரும் எர்காட் என்ற பூஞ்சையிலிருந்து ஸ்விட்சர்லாந்தின் சாண்டோஸ் நிறுவனத்தில் ஆர்தர் ஸ்டோல் 1918-ல் பிரித்தது. (நம்மூரில் கம்புப் பயிருக்கு வரும் தேன் ஒழுகல் நோய்க்குக் காரணமும் இதே இனத்தைச் சேர்ந்த இன்னொரு பூஞ்சைதான்.) இடைக்கால ஐரோப்பாவில் இந்தப் பூஞ்சை கலந்த ரொட்டியைத் தின்றவர்களுக்கு ரத்தக் குழாய்கள் சுருங்கி, விரல்கள் கருகி விழுந்திருக்கின்றன. அப்பேர்ப்பட்ட விஷத்தைப் பிரசவத்துக்குப் பின் வரும் ரத்தப்போக்கை நிறுத்த மருந்தாக்கினார்கள். 1920களில் மைக்ரேனுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள், கேட்டது.

ஏன் கேட்டது? 1938-ல் நியூயார்க்கின் ஹரால்ட் வுல்ஃப், ஜான் கிரஹாம் என்ற இரண்டு மருத்துவர்கள் ஒரு சோதனை செய்தார்கள். தலைவலி இருக்கும்போது நோயாளியின் நெற்றிப்பொட்டு ரத்தக் குழாயின் துடிப்பைப் பதிவு செய்வது. பிறகு எர்கோட்டமைன் ஊசி. துடிப்பின் வீச்சு குறையக் குறைய வலியும் குறைந்தது. வரைபடம் அவ்வளவு அழகாக இருந்தது, மைக்ரேன் என்றால் ரத்தக் குழாய் வீங்குவது, மருந்து என்றால் அதைச் சுருக்குவது என்று ஒரு தலைமுறை மருத்துவர்கள் முழுக்க நம்பிவிட்டார்கள். வுல்ஃபுக்கே மைக்ரேன் உண்டு என்பது கூடுதல் தகவல். கிரஹாம் என்ற பெயரை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார்.

ரத்தக் குழாய்தான் பிரச்சினை என்றால், ரத்தக் குழாயை ஆட்டிவைக்கும் செரடோனின் மேல் சந்தேகம் விழுவது இயற்கைதானே. அந்தச் சந்தேகத்தை முதலில் வழக்காகப் போட்டவர் இத்தாலியின் ஃப்ளோரன்ஸ் நகர மருத்துவர் ஃபெடரிகோ சிகுடேரி. அப்போது சாண்டோஸிடம் மெதிசர்ஜைட் என்ற புதுப் பொருள் இருந்தது. அதுவும் எர்காட் குடும்பம்தான், எல்.எஸ்.டி. என்ற பிரபல போதைப் பொருளுக்குச் சொந்தக்காரப் பையன். செரடோனினின் வேலையைத் தடுப்பது அதன் குணம். 1959-ல் சிகுடேரி அதை மைக்ரேன் நோயாளிகளுக்குக் கொடுத்தார். தினமும் சாப்பிட்டவர்களுக்குத் தலைவலி வருவது குறைந்தது. மைக்ரேன் வராமலே தடுக்க வந்த முதல் உருப்படியான மருந்து என்று இதைச் சொல்லலாம். 1961-ல் இன்னொரு துப்பும் கிடைத்தது. செரடோனின் சிதைந்தால் உண்டாகும் கழிவுப்பொருள், தலைவலி வந்தபோது சிறுநீரில் கூடுதலாக வெளியேறியதை அவருடைய குழு காட்டியது.

ஆக, தடுத்தால் வலி குறைகிறது, வலியின்போது சிறுநீரில் தடயம் கூடுகிறது. செரடோனின்தான் வில்லன். தீர்ப்பு எழுதியாயிற்று!

அவசரப்பட வேண்டாம். 1960-ல் அமெரிக்காவில் கிம்பல், ஃப்ரீட்மன், வலேஹோ என்ற மூவர் நேர்மாறான ஒன்றைச் செய்தார்கள். மைக்ரேன் நோயாளிகளுக்கு ரெசர்பைன் ஊசி போட்டார்கள். இந்த ரெசர்பைன் இந்தியச் சரக்கு. சர்ப்பகந்தா வேரிலிருந்து 1952-ல் பிரித்தெடுக்கப்பட்டது. அந்த வேரை ரத்த அழுத்தத்துக்குப் பயன்படுத்தலாம் என்று பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949-ல் எழுதிய கட்டுரைக்குப் பின்தான் மேலைநாடுகள் திரும்பிப் பார்த்தன. ரெசர்பைன் உடம்பின் செரடோனின் சேமிப்பைக் காலி செய்துவிடும். போட்டதும் மைக்ரேன் நோயாளிகளுக்குத் தலைவலி வந்தது. அப்போது நரம்பு வழியாகச் செரடோனினைச் செலுத்தினால் வலி இறங்கியது!

வில்லனை உள்ளே விட்டால் வலி போகிறது. என்ன கொடுமை இது?

இந்தக் குழப்பத்தைப் பொறுமையாக அவிழ்த்தவர்கள் ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்து ஆட்கள். ஜேம்ஸ் லான்ஸ் தலைமையில் மைக்கேல் ஆண்டனி, ஹின்டர்பெர்கர் ஆகியோர். தலைவலி வருவதற்கு முன்பும், வந்தபோதும், போன பின்பும் நோயாளிகளின் ரத்தத்தை எடுத்து அளந்தார்கள். தலைவலி ஆரம்பித்ததும் ரத்தத்தில் செரடோனின் அளவு சடாரென்று விழுந்தது. 1967-ல் வெளியான இந்த முடிவு சிகுடேரியின் முடிவோடு மோதுவதுபோல் தெரியும். உண்மையில் மோதவில்லை. ரத்தத்தில் செரடோனினைச் சுமப்பவை தட்டணுக்கள். அவை மூட்டையை மொத்தமாக அவிழ்த்துக் கொட்டினால், கொட்டியது சிதைந்து சிறுநீரில் போகும், ரத்தத்தில் குறையும். பேங்க் லாக்கர் காலியாகும்போது வாசலில் சில்லறை சிதறுவது மாதிரி. சிகுடேரி பார்த்தது வாசலை, லான்ஸ் பார்த்தது லாக்கரை.

சிட்னிக்காரர்களும் செரடோனினைச் செலுத்திப் பார்த்தார்கள். வலி குறைந்தது. அப்படியானால் அதையே மருந்தாகக் கொடுத்துவிடலாமே? முடியாது. மூச்சு முட்டும், மயக்கம் வரும், குமட்டும். செரடோனின் உடம்பில் போகாத இடமில்லை. குடல், நுரையீரல், ரத்தக் குழாய், மூளை என்று எல்லாக் கதவையும் தட்டும். வலிக்கான ஒரு கதவை மட்டும் தட்டுகிற சாவி வேண்டும்.

இதற்கிடையில் மெதிசர்ஜைடின் சாயம் வெளுத்தது. தொடர்ந்து நெடுநாள் எடுத்துக்கொண்ட சிலருக்கு வயிற்றின் பின்புறம் நார்த்திசு பெருகி, சிறுநீர்க் குழாயை நெரித்தது. சிலருக்கு இருதய வால்வுகளிலும் நுரையீரலைச் சுற்றியும் இதே கதை. 1964-ல் மெதிசர்ஜைட் எடுத்த ஐந்நூறு நோயாளிகளின் அனுபவத்தை எழுதி, 1966-ல் இந்த நார்த்திசு ஆபத்தை விரிவாக எச்சரித்தவர் ஜான் கிரஹாம். ஆமாம், 1938-ல் எர்கோட்டமைன் வரைபடம் போட்ட அதே கிரஹாம். தான் கொடுத்த மருந்து தன் நோயாளிகளுக்கு என்ன செய்தது என்று உட்கார்ந்து கணக்கெடுத்து, அதைத் தானே அச்சில் போட்ட மனிதர். இந்த வரலாற்றில் எத்தனையோ கண்டுபிடிப்பாளர்கள் வருகிறார்கள். மரியாதை கொஞ்சம் கூடுதலாகக் கிரஹாமுக்குத்தான் போக வேண்டும்.

1972. இங்கிலாந்தில் வேர் என்ற சிறு ஊரில் கிளாக்ஸோ குழுமத்தைச் சேர்ந்த ஆலன் அண்ட் ஹான்பரிஸ் நிறுவனத்தின் ஆய்வகம். பேட்ரிக் ஹம்ஃப்ரி என்ற இளம் மருந்தியலாளர் மைக்ரேன் ஆராய்ச்சியைத் தொடங்கினார். அவருடைய கணக்கு எளிமையானது. செரடோனின் வலியைக் குறைக்கிறது, ஆனால் உடம்பெங்கும் வம்பு செய்கிறது. தலையிலுள்ள ரத்தக் குழாயை மட்டும் சுருக்கும் ஒரு செரடோனின் ஏற்பி (ரிசெப்டர்) இருக்குமானால், அதற்கு மட்டும் பொருந்தும் சாவியைச் செய்துவிடலாம். இந்தக் கணக்குக்கு நெதர்லாந்தின் ராட்டர்டாமிலிருந்தும் பலம் கிடைத்தது. பிரமோத் சக்சேனா என்ற மருந்தியலாளர், செரடோனினைத் தடுப்பதாக நினைத்த மெதிசர்ஜைட் உண்மையில் தலைக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது என்று 1974-ல் காட்டினார். அதாவது சிகுடேரியின் மருந்து செரடோனினை எதிர்த்து ஜெயிக்கவில்லை, ஓர் இடத்தில் செரடோனின் வேஷம் போட்டு ஜெயித்திருக்கலாம்!

ஹம்ஃப்ரியின் குழு நாயின் காலிலுள்ள ஒரு சிரையில் தேடிய ஏற்பியைக் கண்டது. தலைவலிக்கும் நாய்க்காலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். அந்தச் சிரை செரடோனினுக்குச் சுருங்கியது, ஆனால் அன்றைக்குத் தெரிந்த தடுப்பு மருந்து எதற்கும் மசியவில்லை. அதாவது அங்கே இருப்பது புது வகைப் பூட்டு. அதன்பின் சாவி செய்யும் படலம். செரடோனினின் மூலக்கூறில் இங்கே கொஞ்சம் செதுக்கி, அங்கே கொஞ்சம் ஒட்டி, ஒன்றன்பின் ஒன்றாக. முதலில் வந்த ஒன்று வீரியமானது, ஆனால் ரத்த அழுத்தத்தை இறக்கியது. அடுத்த ஒன்று மனிதர்களுக்கு ஊசியில் நன்றாகவே வேலை செய்தது, வாய்வழி மாத்திரைக்கு லாயக்கில்லை. 1984-ல் மூன்றாவது பொருள் தயாரானது. ஆய்வகத்தில் அதற்கு ஜி.ஆர். 43175 என்று எண். உலகத்துக்கு சுமட்ரிப்டான்.

1991-ல் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தது. 1992 டிசம்பரில் அமெரிக்கா ஊசிக்கு அனுமதி கொடுத்தது. 1972 முதல் 1991 வரை, 19 வருடங்கள்! அத்தனை வருடம் வருமானம் பூஜ்யம், செலவு மட்டும். எந்தக் கணக்குப் புத்தகத்திலும் இது நல்ல பக்கமாகத் தெரிந்திருக்காது. 'மைக்ரேனால் யாரும் சாவதில்லையே, இதற்கு ஏன் இவ்வளவு பணம்' என்று கேட்கச் சுலபமான திட்டம். கைவிடாமல் இருந்தார்கள். 1991-ல் வந்த பெரிய சோதனையில், ஊசி போட்டு ஒரு மணி நேரத்தில் 72 சதவீதம் பேருக்கு வலி தணிந்தது. வெறும் ஊசி போட்டவர்களில் 25 சதவீதம். இருட்டு அறையில் இரண்டு நாள் கிடந்தவர்கள் அதே மத்தியானம் எழுந்து வேலைக்குப் போனார்கள். அதன்பின் மற்ற கம்பெனிகளும் வரிசை கட்டின. ரிசாட்ரிப்டான், சோல்மிட்ரிப்டான் என்று மொத்தம் ஏழு 'டிரிப்டான்'கள். 2008-ல் ஐதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ், சுமட்ரிப்டானின் ஜெனரிக் மாத்திரையை அமெரிக்காவிலேயே விற்க ஆரம்பித்ததும் இந்தக் கதையின் ஒரு கிளை.

எல்லோரும் சந்தோஷம். ஓட்டை எங்கே?

ஹம்ஃப்ரியின் கணக்கில் மருந்து ரத்தக் குழாயைச் சுருக்குகிறது, அதனால் வலி போகிறது. ஆனால் 1979-லேயே ஹார்வர்டின் மைக்கேல் மாஸ்கோவிட்ஸ் வேறு பாட்டுப் பாடினார். மூளையைச் சுற்றியுள்ள ரத்தக் குழாய்களைத் தொட்டுக்கொண்டிருக்கும் ட்ரைஜெமினல் நரம்புதான் (முகத்துக்கு மூன்று கிளையாகப் பிரிந்து ஓடுகிற நரம்பு) விஷயத்தின் மையம், அந்த நரம்பு நுனிகள் சில ரசாயனங்களைக் கக்குகின்றன, அதுதான் வலி என்றார். குழாய் வீங்குவது புகை, நெருப்பு நரம்பில்.

அந்த நரம்பு கக்குவது எது? சிட்னியில் லான்ஸிடம் பயின்ற பீட்டர் கோட்ஸ்பியும் ஸ்வீடனின் லார்ஸ் எட்வின்ஸனும் 1990-ல் பதில் சொன்னார்கள். தலைவலி உச்சத்தில் இருந்த நோயாளிகளின் கழுத்துச் சிரையிலிருந்து ரத்தம் எடுத்துப் பார்த்ததில் சி.ஜி.ஆர்.பி. என்ற சிறு புரதம் கூடியிருந்தது. 1993-ல் அடுத்த அடி. சுமட்ரிப்டான் கொடுத்தார்கள், வலி போனது, சி.ஜி.ஆர்.பி.யும் பழைய அளவுக்கு இறங்கியது. செரடோனின் ஏற்பிகளில் '1பி' என்ற வகை ரத்தக் குழாயிலும், '1டி' என்ற வகை நரம்பு நுனியிலும் இருக்கின்றன. டிரிப்டான் இரண்டையும் தட்டுகிறது. குழாயைச் சுருக்குவது '1பி'. நரம்பின் வாயை மூடுவது '1டி'. வலியைப் போக்கியது இதில் எது? ரத்தக் குழாய் கட்சியும் நரம்புக் கட்சியும் இதை வைத்து வருடக்கணக்கில் மோதிக்கொண்டார்கள்.

2013-ல் டென்மார்க்கில் மைக்ரேன் நடந்துகொண்டிருக்கும்போதே நோயாளிகளை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். மண்டைக்கு வெளியே உள்ள ரத்தக் குழாய்கள் வீங்கவே இல்லை. உள்ளே உள்ளவை மிகக் கொஞ்சமாக விரிந்திருந்தன. சுமட்ரிப்டான் கொடுத்ததும் வலி குறைந்தது. ஆனால் உள்ளே விரிந்திருந்தவை அப்படியேதான் இருந்தன, சுருங்கியது வெளியே இருந்த குழாய்கள். விரியாத குழாயைச் சுருக்கினால் வலி ஏன் போக வேண்டும்? 1938-ன் அழகான வரைபடத்துக்கு 75 வருடம் கழித்து வந்த எதிர்க்கேள்வி இது.

இது வெறும் பண்டிதர் சண்டை இல்லை. டிரிப்டான்கள் இருதயத்தின் ரத்தக் குழாய்களையும் கொஞ்சம் சுருக்கும். அதனால் மாரடைப்பு வந்தவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள் அதைத் தொடக் கூடாது. மைக்ரேனும் இருதய நோயும் சேர்ந்து உள்ளவருக்கு, நல்ல மருந்து கடையில் இருந்தும் இல்லாத நிலை. சுருக்கம் தேவையே இல்லை என்று நிரூபித்தால்தான் அவருக்கு வழி பிறக்கும்.

வழி இரண்டு பக்கத்திலிருந்து வந்தது. சி.ஜி.ஆர்.பி.யை நேரடியாக அடக்கும் மருந்துகள் ஒரு பக்கம். மாதம் ஒரு ஊசியான எரனுமாப் 2018-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கோட்ஸ்பி, எட்வின்ஸன், மாஸ்கோவிட்ஸ், டென்மார்க்கின் யெஸ் ஒலெசன் நால்வருக்கும் 2021-ல் 'பிரெய்ன் ப்ரைஸ்' கிடைத்தது இந்த வேலைக்காகத்தான். இந்தப் பக்கத்தில் செரடோனினுக்கு இடமே இல்லை.

சரி, செரடோனின் குறைவதுதான் காரணம் என்றால் செரடோனினைக் கூட்டும் மனச்சோர்வு மாத்திரைகள் மைக்ரேனைத் தடுக்க வேண்டுமே? செரடோனினை மட்டும் குறிவைக்கும் நவீன மாத்திரைகள் வெறும் மாத்திரையைவிடப் பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை. பல ரசாயனங்களை ஒன்றாகத் தொடும் பழைய அமிட்ரிப்டிலின்தான் இன்றும் உதவுகிறது. போதாக்குறைக்கு 2018-ல் கோபன்ஹேகன் குழு ஒன்று, வலி இல்லாத நாட்களில் மைக்ரேன் நோயாளிகளின் மூளையில் செரடோனின் கூடுதலாகவே இருக்கக்கூடும் என்று ஸ்கேன் மூலம் சொன்னது. அறுபது வருடத்துக்கு முந்தைய 'கூடியதா, குறைந்ததா' பஞ்சாயத்து மறுபடி ஆரம்பம்!

இரண்டாவது வழி செரடோனினை விடாமல் பிடித்துக்கொண்டவர்களுடையது. '1எஃப்' என்று இன்னொரு ஏற்பி உண்டு. ட்ரைஜெமினல் நரம்பில் இருக்கிறது, தட்டினால் ரத்தக் குழாய் சுருங்குவதில்லை. அதற்கென்றே செய்த லாஸ்மிடிட்டான் 2019 அக்டோபரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. குழாயைச் சுருக்காமலே மைக்ரேன் வலியை இறக்குகிறது. அந்த வழக்கில் நரம்புக் கட்சிக்குக் கிடைத்த வலுவான சாட்சி அதுதான். ஆனால் இந்த மருந்து மூளைக்குள்ளும் நுழைகிறது, தலைசுற்றும், தூக்கம் வரும். சாப்பிட்டால் எட்டு மணி நேரத்துக்கு வண்டி ஓட்டக் கூடாது என்று மருந்துக் குறிப்பிலேயே போட்டிருக்கிறார்கள். வலி போய்விடும், ஆபீசுக்குப் பஸ்ஸில்தான் போக வேண்டும்.